பழைய சி10 பிக்கப்பில் டிராக் ரேஸுக்கு ஏர் பேக் பொருத்துவது எப்படி?

ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்று நிரப்பிய ரப்பர் பைகள் (ஏர் பேக்) வண்டியைத் தாங்கும் அமைப்பு என்றதும் தரையோடு ஒட்டி நிற்கும் ஷோ வண்டிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) ரேஸில் அதன் வேலையே வேறு. 1967–72 செவர்லே சி10-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கால் மைல் ரேஸ் பாதைகளில் ஓடும் பழைய பிக்கப். பெரும்பாலும் பின்னால் டிரெய்லிங் ஆர்மும் (ஆக்ஸிலைச் சேஸியோடு இணைக்கும் நீளமான கை) காயில் ஸ்பிரிங்கும் இருக்கும்.

முதலில் கோளாறு எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்த நொடியில் புரபெல்லர் ஷாஃப்டின் முறுக்கு, பின் ஆக்ஸிலின் இடது டயரைத் தரையில் அழுத்தும், வலது டயரைத் தூக்கப் பார்க்கும். பின்னால் சரக்கில்லாத பிக்கப்பில் ஏற்கெனவே எடை குறைவு. வலது டயர் சும்மா சுற்றிப் புகைவிடும். அந்தப் பக்கம் முன்கூட்டியே அழுத்தம் கொடுத்து வைக்கத்தான் ஏர் பேக்.

நாலு சக்கரத்துக்கும் பேக், கம்பிரசர், டேங்க் என்று இறங்காதீர்கள். எடையும் கூடும், உயரம் மாறும்போது பினியன் கோணமும் (புரபெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்ஸிலில் சேரும் கோணம்) மாறும். காயிலுக்கு உள்ளே நுழையும் சின்ன பேக் இரண்டு போதும். பேட்டரியை வலது பின்பக்கம் மாற்றினால் அங்கே எடை சேரும்.

வேலையைத் தொடங்கலாம். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஷாக் அப்சார்பரைக் கழற்றி ஆக்ஸிலை மெல்ல இறக்கி காயிலை எடுங்கள். உள்ளே துருத்தும் போல்ட் முனை, பிசிறு இருந்தால் தேய்த்துவிடுங்கள். பேக்கைக் கிழிப்பது அதுதான். பேக்கின் காற்றை வெளியேற்றி, சுருட்டி காயிலுக்குள் நுழைத்துவிடுங்கள்.

இரு பேக்குக்கும் தனித்தனி ஹோஸ், தனித்தனி வால்வ். டி கனெக்டர் போட்டு இணைத்தால் எடை அழுத்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், செய்த வேலை வீண். ஹோஸ் சைலன்சர் குழாயை நெருங்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். பேக் ஆட்டத்தை அடக்காது, ஆகவே நல்ல ஷாக் கட்டாயம்.

இனி அழுத்தம். இடதில் 5 பி.எஸ்.ஐ., வலதில் 15 வைத்துத் தொடங்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்ட வேண்டாம். கிளம்பும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தால் வலது பேக்கில் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், இடப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான்; டயர் காற்றையும் கூடவே மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கால் மைல் நேரத்தைவிட முதல் 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர் நேரத்தைக் கவனியுங்கள். பேக்கின் பலன் அங்கேதான் தெரியும். டிஃபரன்ஷியல் சாதாரண ஓப்பன் வகையென்றால் முதலில் பாசிட்ராக்‌ஷன் (ஒரு சக்கரம் சும்மா சுற்றினாலும் மறு சக்கரத்துக்கும் முறுக்கு போகச் செய்யும் டிஃபரன்ஷியல்) மாட்டிக்கொள்வது நல்லது.

சாலையில் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதானால் வலது பேக்கையும் 5-க்கு இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.