நாற்பதுகளில் காரணமே இல்லாமல் வரும் கோபமும் அழுகையும்: என்ன செய்வது?

டப்பா மூடி சரியாக மூடவில்லை என்பதற்காக அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், 46 வயதில். அதற்கு அரைமணி நேரம் முன்புதான் மகன் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினான் என்று கத்தித் தீர்த்திருந்தேன், அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். மாதவிடாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் பீரியட்ஸ் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டுதானே இருந்தது?

அங்கேதான் கோட்டை விடுகிறோம். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் முழுசாக எதுவும் வராமல் இருந்தால்தான் அதற்கு மெனோபாஸ் என்று பெயர். அதற்கு முன்னால் வருகிற தள்ளாட்டக் காலம்தான் பெரிமெனோபாஸ். பெரும்பாலும் நாற்பதுகளில் தொடங்கி சராசரியாக 4 வருடம் போகும், சிலருக்கு 8, 10 வருடம்கூட இழுக்கும். உடம்பு குப்பென்று சூடாவதும் தேதி தப்புவதும் தொடங்கும் முன்பே எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

காரணம் சுருக்கமாக இதுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாடிப்படி இறங்குவதுபோல ஒழுங்காகக் குறைவதில்லை. ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் அதலபாதாளம். மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரடோனினும் அதோடு சேர்ந்து ஆடும். புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஒரு பொருளுக்கு மூளையை அமைதிப்படுத்தும் குணம் உண்டு, அதுவும் தாறுமாறாகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 7 ஆய்வுகளை, மொத்தம் 9,141 பெண்களின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2024ல் வெளியிட்டார்கள்: இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் வாய்ப்பு, அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களைவிட சுமார் 40 சதவீதம் அதிகம். எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்கள், ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் மனசு படுத்தும் பாட்டைப் பட்டவர்கள், ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் ஒரு நோட்டு. செயலி எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி, திறந்தால் வேறு எதையோ பார்க்கப் போய்விடுவோம். தினமும் இரண்டு வரி எழுதினால் போதும்: எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, வியர்த்ததா, மனசுக்கு 10க்கு எத்தனை மார்க் எரிச்சல், பீரியட்ஸின் எத்தனையாவது நாள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "செவ்வாய். 3.10க்கு முழிப்பு. தலையணை உறை நனைந்திருந்தது. மறுபடி தூக்கம் வரவில்லை. எரிச்சல் 8. 24ஆவது நாள். ஆபீஸில் 'ரசீது' என்ற வார்த்தை வாயில் வரவில்லை, 'அந்தச் சீட்டு' என்று சமாளித்தேன்." இரண்டு மாதம் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது, 7க்கு மேல் போன நாட்கள் அத்தனையும் வியர்த்து முழித்த ராத்திரிகளுக்கு மறுநாள். என் குணம் கெட்டுப்போய்விட்டது என்று நான் நினைத்ததில் பாதிக்கு மேல் தூக்கக் கடன்.

அந்த வார்த்தை மறக்கிற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மறதி நோய் வந்துவிட்டது என்று பயந்து சாகிறவர்கள் நிறைய. 1996ல் அமெரிக்காவில் தொடங்கிப் பல வருடங்கள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்ற ஆய்வில், பெரிமெனோபாஸ் சமயத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் திறன் கொஞ்சம் மந்தமாகி, மெனோபாஸுக்குப் பிறகு பழையபடி திரும்பியதைக் கண்டிருக்கிறார்கள். அதுவரை பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் தெரிந்த வழியே தொலைந்துபோகிறது, கணக்கு வழக்கு சுத்தமாகக் குழம்புகிறது என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மகளிர் மருத்துவரிடமோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ போங்கள். "மனசு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். நான் முதலில் பார்த்த ஒருவர் "வயசானால் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார். அப்படிச் சொன்னால் மல்லுக்கட்ட வேண்டாம், வேறு டாக்டரைப் பாருங்கள். "மூன்று மாதமாக வாரத்துக்கு நாலு ராத்திரி முழிப்பு, கோபம் கட்டுப்படவில்லை, வேலை கெடுகிறது, பெரிமெனோபாஸாக இருக்குமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். இந்த வயதில் உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வருவது சகஜம், ரத்தசோகையின் சோர்வும் படபடப்பும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். 45 வயதுக்கு மேல் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் பரிசோதனைக்கு அநேகமாகத் தேவையில்லை, நாளுக்கு நாள் ஏறி இறங்குகிற ஒன்றை ஒருநாள் அளந்து என்ன கண்டுபிடிப்பது? 40க்குள் இந்த அறிகுறிகள் என்றால் கதை வேறு, அப்போது கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

சிகிச்சை என்றதும் ஹார்மோன் பயம் வந்துவிடுகிறது. 2002ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஹார்மோன் மருந்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடியதாக வந்த செய்திதான் இந்தப் பயத்துக்கு வேர். அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பது அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று. 60 வயதுக்குள், வேறு தடைகள் இல்லாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையால் நன்மையே பெரும்பாலும் அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. தடைகள் என்றால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் போன்றவர்கள். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது. ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், இந்தக் காலத்திலும் கர்ப்பம் தரிக்கலாம்.

வியர்வை, தூக்கக் கேடு, அதோடு ஒட்டிவரும் எரிச்சல் இவற்றுக்கு ஹார்மோன் நன்றாகக் கேட்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல், எழுந்து குளிக்கவே மலைப்பாக இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மனநல மருத்துவரும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மனச்சோர்வு மருந்தும்தான் வழி. அந்த மருந்துகளில் சில உடம்புச் சூட்டையும் குறைக்கும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் நோட்டு, பரிசோதனை எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, தனியாக இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ராத்திரிக்கு: அறை குளிர்ச்சியாக, மெல்லிய பருத்தித் துணி, மாற்று உடை கைக்கெட்டும் தூரத்தில். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். மது குடிப்பவர்கள் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், சட்டென்று தூங்க வைத்துவிட்டு நடுராத்திரி எழுப்பிவிடும். முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் (நோட்டில் 3.10 என்று எழுதியவள் சொல்கிறேன்). குத்துமதிப்பாக எழுதினால் போதும்.

வீட்டில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை நடுவில் "எனக்கு ஹார்மோன் பிரச்சினை" என்று சொன்னால் சாக்காகத்தான் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் நல்ல மூடில் இருந்தபோது நோட்டைத் திறந்து காட்டினேன். கணவர் ஒன்றும் பேசாமல் நாலைந்து பக்கம் புரட்டினார். அதிலிருந்து காலையில் நம்பரை மட்டும் சொல்லிவிடுகிறேன், "இன்றைக்கு 8" என்று. போன வாரம் ஒருநாள் நான் சொல்ல மறந்துவிட்டேன், மகனே ஷூ மாட்டிக்கொண்டே "அம்மா, இன்றைக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான்.