சாமி சத்தியம் இல்லாமல் குடியை விட: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் "குடிய விடணும்" என்று வாய் திறந்தால், சுற்றியிருப்பவர்கள் உடனே காட்டுவது ஏதாவது ஒரு சன்னதியாகத்தான் இருக்கும். கோயிலில் கயிறு கட்டு, திருச்செந்தூருக்கு மாலை போடு, ஜெபக்கூட்டத்துக்கு வா, தர்காவில் ஓதிக் கயிறு வாங்கு. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது கைகொடுக்கும், அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். நம்பிக்கை இருந்தும், செய்த சத்தியம் உடைந்துபோய், இனி எந்த முகத்தோடு சன்னதியில் போய் நிற்பது என்று கூசுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் வழி உண்டு. அது ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைக்காது; ஆஸ்பத்திரி, போன், இணையம், கூட நிற்கும் நாலு பேர் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். எந்த வரிசையில் சேர்ப்பது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

படி 1: குடிக்கும் அளவை எழுதுங்கள்

ஒரு நோட்டில் உண்மையை எழுதுங்கள். தினம் எவ்வளவு, முதல் வாய் எத்தனை மணிக்கு, காலையில் கை நடுங்குகிறதா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, சுகர், பிரஷர், தூக்கத்துக்கு என்று வேறு மாத்திரை ஓடுகிறதா.

"ஒரு குவாட்டர்தானே" என்று பலர் சொல்வார்கள். 180 மில்லி குவாட்டரில் சாராயத்தின் அளவு 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். குடிப் பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க உதவும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாள் 10 கிராமை ஒரு அளவாகக் கொள்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு குவாட்டர் ஆறு அளவு. அந்தக் கேள்வித்தாளில் மொத்தம் 10 கேள்விகள், 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும், 20-ஐத் தொட்டால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

படி 2: தினமும் குடிப்பவர் என்றால், திடீரென்று நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பல வருஷம் தினமும் குடித்த மூளை, சாராயம் இருக்கும் என்ற கணக்கில் தன்னைப் பழக்கி வைத்திருக்கிறது. அதை ஒரே நாளில் எடுத்தால் நரம்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் துள்ளும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும், இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும், காய்ச்சல் அடிக்கும். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. நம் ஊரில் இதைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லி வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிறார்கள். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் உளற ஆரம்பித்தால் அது சாமி குத்தமும் இல்லை, செய்வினையும் இல்லை. உடனே 108-க்கு அடியுங்கள்.

முறையாக நிறுத்த, பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அதாவது நாம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்துக்கு, காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டு மனநலப் பிரிவைக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை தமிழக அரசு 2025-ல் தொடங்கியிருக்கிறது, அதையும் விசாரியுங்கள். தென்காசிப் பக்கத்தவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று தூரத்தில் இருப்பவர்கள், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுக்கொண்டால் பஸ் செலவு மிச்சம்.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று தயங்குபவர்கள் நோட்டைப் பார்த்து இப்படிச் சொன்னால் போதும்: "சார், எட்டு வருஷமா தினம் ரெண்டு குவாட்டர். காலைல குடிக்கலன்னா கை நடுங்குது. நிறுத்தணும், வலிப்பு வந்துருமோன்னு பயமா இருக்கு." நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் தருவார்கள். தேவைப்பட்டால் சில நாள் அட்மிட் செய்வார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்துக் கூச வேண்டாம். நெஞ்சு வலிக்கு இருதயப் பிரிவுக்குப் போகிறோம் இல்லையா, அதே காரியம்தான்.

நேரில் போகுமுன் பேசிப் பார்க்க வேண்டுமானால் மூன்று இலவச எண்கள்: 14416 மனநல ஆலோசனைக்கு, 14446 போதை மீட்புக்கு, 104 தமிழக அரசின் மருத்துவ உதவிக்கு. 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

படி 3: மாத்திரை உண்டு, மறைத்துக் கொடுக்காதீர்கள்

குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார். மூன்றாவது டைசல்ஃபிராம். இதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். எனவே குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத்தான் எடுக்க வேண்டும். "குடிப்பவருக்குத் தெரியாமலே சாம்பாரில் கலக்கலாம்" என்று சுவரில் விளம்பரம் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று அதை வாங்கும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். சங்கிலியில் கட்டுவதும், கட்டாய மொட்டையும் அந்தச் சட்டப்படி குற்றம். பிரார்த்தனை கட்டாயமா என்றும் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்படவே வேண்டாம், காசு நம்முடையது, உடம்பும் நம்முடையது.

படி 4: கூட நிற்க ஆள் தேடுங்கள்

மருந்து முதல் மாதத்தைத் தாண்ட வைக்கும். அதற்குப் பிறகு பேச ஆள் வேண்டும்.

நம் பகுதியில் எளிதாகக் கேள்விப்படுவது 'ஏஏ' என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது, கட்டணம் இல்லை. அதன் 12 படிகளில் கடவுள் வருகிறார், முடிவில் பிரார்த்தனையும் உண்டு. ஆனால் சேருவதற்கு ஒரே தகுதி குடியை விடும் விருப்பம்தான். பிரார்த்தனை நேரத்தில் சும்மா நின்றுவிட்டு, மற்றவர்கள் அனுபவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம். அது ஒத்துவந்தால் அங்கேயே இருங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் சாமியைக் கொண்டுவராத அமைப்புகள் உண்டு. 'ஸ்மார்ட் ரெகவரி' 1994-ல் தொடங்கியது, உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கிறது. 'லைஃப்ரிங்' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆங்கிலம் வராதவர்கள் கவலைப்பட வேண்டாம், அங்கே செய்வதைத் தமிழில் நாமே செய்துகொள்ள முடியும்.

ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரியுங்கள். குடித்தால் எனக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது. விட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும். முதல் கட்டத்தை வெட்கப்படாமல் நிரப்புங்கள். "உடம்பு வலி தெரியல, தூக்கம் வருது, கூட்டாளி கிடைக்கான்" என்று எழுதினால்தான், அவற்றை வேறெப்படிப் பெறுவது என்று யோசிக்க முடியும். இரண்டாவது கட்டத்தில் பணத்தையும் எழுதுங்கள்: தினம் 150 ரூபாய் என்றாலே வருஷத்துக்கு 54,750.

ஆசை வரும்போது மணியைப் பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பிடுவது, குளிப்பது, ஒருவருக்குப் போன் அடிப்பது. வெறும் வயிறு ஆசையைத் தூண்டிவிடும், அதனால் சாயங்காலம் கடைப் பக்கம் போகும் நேரத்துக்கு முன்பே நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

பிறகு, இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு. ஓபி வரிசையில் பழக்கமானவர்களே போதும். வாரம் ஒரு நாள், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலோ ஒரு டீக்கடை பெஞ்சிலோ உட்காருங்கள். லைஃப்ரிங் கூட்டங்களில் கேட்கும் கேள்வியையே கேளுங்கள்: இந்த வாரம் எப்படிப் போச்சு? வர்ற வாரம் எங்கே சிக்கல்? உபதேசம் கிடையாது, சத்தியம் கிடையாது, கேட்டதை வெளியில் சொல்வது கிடையாது.

படி 5: கொடை (கோயில் திருவிழா), கல்யாணம், துட்டி (சாவு வீடு)

ஊர்க் கொடைக்குப் போகாமல் இருக்க முடியாது. "ஏல, ஒரு கட்டிங்தானல" என்று கையைப் பிடிப்பார்கள். "விட்டுட்டேன்" என்று சொன்னால் விவாதம் தொடங்கும். "மாத்திரை ஓடுது, குடிச்சா ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அண்ணாச்சி" என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போய், படைப்புச் சோறு வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள். துட்டி வீட்டில் ராத்திரி தங்க வேண்டியிருந்தால் குழுவில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால்

சத்தியத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒரு வாய் குடித்தாலே மொத்தமும் உடைந்ததாக ஆகிவிடும். "முறிஞ்சது முறிஞ்சாச்சு" என்று அடுத்த பத்து நாளும் குடிப்பார்கள். அந்தப் பத்து நாள்தான் ஆளைச் சாய்க்கிறது. நீங்கள் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. அன்றைக்கே குழுவில் ஒருவருக்குப் போன் அடியுங்கள், எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுங்கள், டைசல்ஃபிராம் எடுப்பவர் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள்கணக்கில் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி படி 2-லிருந்து தொடங்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

வீட்டுக்காரர்களுக்கு: போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். அடிப்பவராக இருந்தால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றுங்கள், பெண்களுக்கான உதவி எண் 181. அவர் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிக்கும் நாள் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஆதார் நகல், பழைய மருத்துவச் சீட்டு, பஸ்ஸுக்குக் காசு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.