எடிட்டர் தெரிவு செய்யும்போது சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் புரோகிராமிங் தொடங்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த எடிட்டர் நல்லது அண்ணா?" என்றுதான். எடிட்டர் என்றால் கோட் எழுதும் மென்பொருள். எழுதும் ஃபைல் எந்தெந்தக் கணினிக்குப் போகப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோணேசபுரி வளாகத்தில் படிப்பவரிடம் விண்டோஸ் லேப்டாப் இருக்கும், குழுவில் இன்னொருவர் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பார், புரொஜெக்ட் கடைசியில் ஓடுவது லினக்ஸ் சர்வரில். இதை யோசிக்காமல் எடிட்டரைப் பிடித்தால் பிறகு அலைச்சல்தான்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் அருமையானது, பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும். ஆனால் அது விண்டோஸுக்கு மட்டும். விஎஸ் கோட், சப்லைம் டெக்ஸ்ட், ஜீனி மூன்றும் விண்டோஸ், மெக், லினக்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. ரேம் குறைவென்றால் விஎஸ் கோடை விட ஜீனியே நிம்மதி.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது வரி முடிவு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கிறது: சிஆர், எல்எஃப். லினக்ஸும் மெக்கும் வைப்பது எல்எஃப் மட்டும். விண்டோஸில் எழுதிய பாஷ் ஸ்கிரிப்டை, அதாவது லினக்ஸில் பாஷ் என்ற புரோகிராம் ஓட்டும் கட்டளை ஃபைலை, அப்படியே சர்வரில் ஏற்றிப் பாருங்கள். எந்தப் புரோகிராம் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியிலுள்ள பாஷ் என்ற பெயரோடு அந்த சிஆரும் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு புரோகிராம் இல்லை என்று லினக்ஸ் கைவிரித்துவிடும். ஸ்கிரிப்டை எத்தனை தடவை வாசித்தாலும் பிழை கண்ணில் படாது, ஒரு இரவே போய்விடும். விஎஸ் கோடில் வலது பக்க அடிமூலையில் சிஆர்எல்எஃப் என்று தெரிந்தால், அதைக் கிளிக் செய்து எல்எஃப் ஆக்கிச் சேமியுங்கள். குழுவாக வேலை செய்தால், எடிட்டர் அமைப்புகளை எழுதிவைக்கும் எடிட்டர்கன்ஃபிக் ஃபைல் ஒன்றில் இதை எழுதி எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். விஎஸ் கோடில் அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

அப்புறம் பாமினி. அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தும் எழுத்துரு. பாமினியில் அடித்ததை எடிட்டரில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடில் அடித்து, அதைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

ஒரே எடிட்டரோடு ஒட்டிக்கொள்வதும் ஆபத்து. ஆட்டம் (Atom) என்ற எடிட்டரைப் பலர் விரும்பினார்கள், 2022 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். பல சர்வர்களில் உங்கள் எடிட்டரே இருக்காது, விஐ (vi) என்ற பழைய எடிட்டர்தான் இருக்கும். அதிலிருந்து வெளியே வரவாவது பழகுங்கள்: எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமிக்காததெல்லாம் போய்விடும், சேமித்து வெளியேற வேண்டுமென்றால் முக்காற்புள்ளிக்குப் பிறகு டபிள்யூ, கியூ, என்டர்.