நீலகிரியிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதிக்கும் அக்டோபருக்கும் இடையில் தொடங்குகிறது. அதனால் விசா விண்ணப்பம், கைரேகைப் பதிவு, நேர்காணல், கட்டணம் செலுத்துதல் ஆகிய அனைத்தும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் வந்து குவிகின்றன. நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை வலுப்பதும் இதே மாதங்களில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சமவெளியில் வாழும் மாணவருக்கு ஆறு மாத அவகாசம் போதுமானதாக இருக்கலாம். குந்தாவிலோ பந்தலூரிலோ இருப்பவர் ஓராண்டுக்கு முன்பே தொடங்கி, சான்றிதழ் வேலைகளை மே மாதத்துக்குள் முடித்துவிடுவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரைச் சரிசெய்ய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "பி. கவிதா" என்றும், ஆதாரில் "கவிதா போஜன்" என்றும், பட்டச் சான்றிதழில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் பெயர் இருப்பது நம் பிள்ளைகளிடையே மிகவும் சாதாரணம். உள்ளூரில் இது எவருக்கும் உறுத்துவதில்லை. விசா அதிகாரிக்கோ அவை மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயர்கள். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து, தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுவது நல்லது. அக்கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், முதற்பெயர் அறியப்படவில்லை என்று பொருள்படும் "எஃப்.என்.யு." என்ற எழுத்துகள் உங்கள் பெயரின் இடத்தில் அச்சாகும், பிறகு அங்கே வங்கிக் கணக்கு தொடங்குவது முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவது வரை ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்ல நேரும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் பதிவு செய்யவே பாஸ்போர்ட் தேவைப்படுவதால், பாஸ்போர்ட்டை முதலில் வாங்கி, அதிலுள்ள பெயரையே தேர்விலும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் எழுத்துப் பிசகாமல் பயன்படுத்துங்கள். நீலகிரி மாவட்டம் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது.

அடுத்தது பணம். மலைக் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கல்விக் கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கின்றன. கிராமத்து நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தால், உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறாமல் அதை ஈடு வைப்பது மிகக் கடினம். அந்த வேலை வட்டாட்சியர் அலுவலகத்தில் பல மாதங்கள் எடுக்கக்கூடும். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், உரிமை முடிவாகாமல் சிக்கியிருக்கும் நிலங்களுக்குப் பட்டாவே இல்லை என்பதால், அங்குள்ளவர்கள் வேறோர் உறவினரின் சொத்தையோ, ஈடு கேட்காத கடன் திட்டத்தையோ முன்கூட்டியே தேட வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத சிறு தேயிலை விவசாயிகள், பசுந்தேயிலை கொடுத்ததற்குத் தொழிற்சாலை தரும் மாதக் கணக்குத் தாள்களையும் வருமான வரிக் கணக்கையும் சேர்த்து வைத்திருந்தால் வங்கி மேலாளரிடம் பேச்சு எளிதாகும்.

பணம் கையில் இருந்தால் மட்டும் போதாது; அது எந்த வடிவில், எத்தனை நாள் இருந்தது என்பதையும் பார்ப்பார்கள். பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர் சேமிப்பைக் காட்டுவதானால், உரிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். ஜெர்மனிக்குச் செல்பவர், 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட அளவின்படி, ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை, மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் செலுத்துவதுடன், கல்விச் சான்றிதழ்களுக்கு ஏ.பி.எஸ். என்ற ஜெர்மன் மையத்தின் சரிபார்ப்பும் பெற வேண்டும். தொகைகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழங்குடி மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் தவறாமல் அறிந்திருக்க வேண்டிய வாய்ப்பு ஒன்று உண்டு. ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு வழங்கப்படுகிறது. அவற்றில் 3 இடங்கள் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கு உரியவை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பழங்குடிச் சாதிச் சான்றைக் கோட்டாட்சியர் நிலையில் விசாரித்தே வழங்குவதால், முதுகலைப் படிப்பை எண்ணும் மாணவர் இளங்கலையின் இறுதியாண்டுக்கு முன்பே அதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பயண நாளில் மலைப்பாதையை நம்பி விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்குங்கள். குன்னூர்ச் சாலை மண்சரிவால் அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் விமானம் ஏறும் கூடலூர், உதகை மாணவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதைக் கணக்கிட்டே கிளம்ப வேண்டும்.

உதகையில் வாங்கும் கம்பளிச் சட்டைகள் இலையுதிர் காலத்துக்குப் போதும்; கடுங்குளிருக்கான மேலங்கியைப் படிக்கப் போகும் நாட்டில் வாங்குவதே சரி. வீட்டிலிருந்து அன்போடு கட்டித்தரும் நெய்யையும் பால் இனிப்புகளையும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. மலைத்தேனை நியூசிலாந்து அறவே தடுக்கிறது. தேயிலைத் தூளை முத்திரை பிரியாத பொட்டலமாகக் கொண்டுபோய், கேட்கும் நாடுகளில் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். வங்கியில் பதிந்த இந்தியக் கைப்பேசி எண்ணுக்குச் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கி வையுங்கள். கடன் கணக்கை இணையத்தில் திறந்து பார்ப்பதற்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.