செப்டம்பரை நம்பி நவம்பர் டிக்கெட் வாங்காதீர்கள்

ஒவ்வொரு வருடமும் எங்கள் அலுவலகத்தில் புதிதாகக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கத் தொடங்கும் யாராவது ஒருவர் வந்து, "அண்ணா, புது கோச் வந்தாச்சு, இந்த வருஷம் நம்ம டீம்தான்" என்பார். (கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம்.) 2023இல் நானும் அப்படித்தான் திரிந்தேன். பவுல்டரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழக அணி முந்தைய சீசனில் 12 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்திருந்தது, அதற்கு முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் ஹெட் கோச்சாக வந்திருந்தார். ஆட்ட விதி புரியாமல் முழிப்பதெல்லாம் இரண்டு சனிக்கிழமையில் சரியாகிவிடும், அதை விடுங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் செய்கிற பெரிய தவறுகள் வேறு, எல்லாம் நானே செய்தவை.

எதிரணி யாரென்று பார்க்காமல் வெற்றியை எண்ணுவது

என் காசைத் தின்றது இதுதான். முதல் ஆட்டம் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியோடு, அவர்கள் ஊரில். முந்தைய சீசனில் தேசிய இறுதியாட்டம் வரை போன அணி அது. 45-42 என்று ஜெயித்தோம். அடுத்து நெப்ராஸ்காவை 36-14, அதற்கடுத்து கொலராடோ ஸ்டேட்டை, சமநிலையானதால் இரண்டு ஓவர்டைம் (கூடுதல் சுற்று) போய் 43-35. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. நான் அந்த வாரமே நவம்பர் 11 அரிசோனா ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட், அதுவும் மறுவிற்பனையில், கேட்ட விலைக்கு வாங்கினேன். "அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றாள் மனைவி. "அப்ப விலை இன்னும் ஏறிடும்" என்று அவளுக்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆரிகன் 42-6 என்று துவைத்துக் காயப்போட்டது.

இன்றைக்கும் எரிச்சல் வருவது தோல்விக்காக இல்லை, கணக்கு கண்ணெதிரே கிடந்தும் நான் பார்க்காததற்காக. டெக்சாஸ் கிறிஸ்டியனை இறுதியாட்டம் வரை இழுத்துப்போன குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேக்ஸ் டக்கன் அப்போதே போய்விட்டிருந்தார். செப்டம்பர் தரவரிசையில் பாதி, போன வருடம் வாங்கிய நல்ல பேர்தான். நாங்கள் ஜெயித்த அந்த மூன்று அணிகளும் சீசன் முடிவில் 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி), மூன்றுமே! நான்காவதாகவும் கடைசியாகவும் ஜெயித்தது அரிசோனா ஸ்டேட்டை, அவர்கள் 3-9. அதாவது தோற்றதைவிட அதிகம் ஜெயித்த ஒரு அணியைக்கூட நாங்கள் வீழ்த்தவில்லை. எனவே அக்டோபர் நடுப்பகுதி வரை பர்ஸைத் திறக்காதீர்கள். உங்கள் அணி ஜெயித்த அணிகள் அப்புறம் யாரிடமெல்லாம் தோற்கின்றன என்று வாராவாரம் பாருங்கள், உங்கள் வெற்றிக்கு என்ன மதிப்பு என்பது அங்கேதான் தெரியும்.

நவம்பர் 11 வந்தபோது நான் கொடுத்ததில் பாதி விலைக்கு டிக்கெட் கிடைத்தது. கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அடித்த ஃபீல்ட் கோலில் அரிசோனா 34-31 என்று ஜெயித்தது. வீடு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

பந்து போகிற பக்கம் மட்டும் பார்ப்பது

எங்கள் குவார்ட்டர்பேக், கோச்சின் மகன் ஷெடூர் சாண்டர்ஸ் எறிவதையும் டிராவிஸ் ஹண்டர் பிடிப்பதையும் பார்த்து வாயைப் பிளந்தோம். ஷெடூருக்கு முன்னால் நின்று தடுக்க வேண்டிய ஐந்து பேரை, அதாவது அஃபென்சிவ் லைனை, யாரும் பார்க்கவில்லை. அந்த சீசனில் அவரை 52 முறை கீழே சாய்த்தார்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வழியாகவும் மற்றபடியும் 80க்கு மேல் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்கலாம், ஆனால் அந்த ஐந்து பேர் சேர்ந்து நின்று பழகாவிட்டால் இப்படித்தான்.

இடைவேளையில் கிளம்புவது

ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக இடைவேளையில் 29-0 முன்னிலை. முடிவில் 46-43 தோல்வி. பாதி வழியில் ரேடியோவில் கேட்டேன்.

முதல் வருடத்தோடு தீர்ப்பு எழுதுவது

புகழ்பெற்ற கோச் நிக் சேபன் 2007இல் அலபாமாவுக்கு வந்த முதல் சீசன் 7-6, அதில் லூசியானா-மன்ரோவிடம் சொந்த மைதானத்தில் ஒரு தோல்வியும் உண்டு. 2009இல் அதே ஆள் 14-0, தேசிய சாம்பியன்.

இது தெரிந்தும், 2023இல் நாங்கள் 4-8 என்று முடித்த கோபத்தில் என் கொலராடோ தொப்பியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த சீசன் 9-4, ஹண்டருக்குக் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. பையன் தொப்பியைக் கழற்றுவதே இல்லை. திருப்பிக் கேட்கவா முடியும்?