இதயத் துடிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டையும் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் பெரியப்பா, மத்தியான வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். வயசுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். பார்த்தால், தைராய்டு சுரப்புக் குறைவு. துடிப்பு சீராக அவர் வருடக்கணக்கில் சாப்பிட்டது அமியோடரோன். அதன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலேயே சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது; அவ்வளவு அயோடின் தைராய்டைத் தடுமாற வைக்கும். சிலருக்குச் சுரப்பு மிகையாகவும் ஆகும்: எடை குறையும், கை நடுங்கும், அடங்கியிருந்த படபடப்பு திரும்பும்.

கிளினிக்கில் மாத்திரை அட்டையைக் காட்டி, 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரே நிறுத்தினாலும் மருந்து உடம்பில் மாதக்கணக்கில் தங்கும்; அப்புறமும் பரிசோதனை வேண்டும்.