'மெலன்கலி': காரணம் சொல்லத் தெரியாத சோகத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் வருத்தத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது 'சேட்'தான். தப்பில்லை. ஆனால் இன்னதென்று சொல்லத் தெரியாமல் மனம் கனத்துக் கிடக்கும் நேரத்துக்கு 'மெலன்கலி' கச்சிதமாகப் பொருந்தும்.

படி 1: வாயில் வரவழையுங்கள்

எழுத்துகள்: எம், இ, எல், ஏ, என், சி, ஹெச், ஓ, எல், ஒய். நடுவில் வரும் சி-ஹெச்சுக்கு 'க' ஒலி. அழுத்தம் முதலில் உள்ள 'மெல்' மீது.

படி 2: வேரைப் பிடியுங்கள்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு, 'கோலே' என்றால் பித்தம். ஆக, கரும்பித்தம்! ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடலில் நான்கு நீர்மங்கள் இருப்பதாகப் பழைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். கடைசியில் சொன்னது மிகுந்தால் மனம் வாடுமாம். அந்த வைத்தியம் வழக்கொழிந்துவிட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், 'பித்துப் பிடித்தவன்' என்று நாமும் பழியைப் பித்தத்தின் மேல்தானே போடுகிறோம்? தோலுக்கு நிறம் தரும் மெலனினிலும், பித்தப்பைக் கல்லில் முதலில் கண்டறியப்பட்ட கொலஸ்ட்ராலிலும் இதே வேர்கள்தான். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் சொல் மறக்காது.

படி 3: 'ஏன்?' என்று கேளுங்கள்

பரீட்சையில் தோற்றதால் வருத்தம் என்று ஒரே வரியில் பதில் வந்தால் 'சேட்' போதும். நெருங்கியவரின் இழப்பு என்றால் 'கிரீஃப்'. பதிலே வரவில்லை, ஆனால் மெல்லிய ஏக்கம் மட்டும் விடாமல் நிற்கிறது என்றால் 'மெலன்கலி'. ஒன்று மட்டும் கவனம்: மனச்சோர்வு நோயைப் பற்றிப் பேசும்போது 'டிப்ரஷன்' என்றே சொல்லுங்கள், அங்கே இந்தச் சொல்லின் அழகு வேண்டாம்.

படி 4: வாக்கியத்தில் வையுங்கள்

இது பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் வரும். 'எ மெலன்கலி ஸ்மைல்', 'எ மெலன்கலி ட்யூன்' என்று அப்படியே எழுதலாம். 'மெலன்காலிக்' என்ற வடிவமும் உண்டு, அதில் அழுத்தம் 'கா'வுக்குத் தாவும். அரட்டையில் இந்தச் சொல் கொஞ்சம் இலக்கியவாடை அடிக்கும். அதனால் பேச்சைவிட எழுத்தில் பழகுவது நல்லது.

சரி, இப்போது நீங்கள். கோடிட்ட இடத்தில் எது வரும், சேடா மெலன்கலியா?

'ஐ ஆம் ____ பிகாஸ் ஐ லாஸ்ட் மை போன்.'

'ஓல்ட் போட்டோஸ் ஆல்வேஸ் ஃபில் மீ வித் ____.'

முதலாவதில் 'பிகாஸ்' இருக்கிறது, பார்த்தீர்களா?